எடைக்குப் போட்ட பெயர்கள்

ராஜகுளம்
20-9-1978

அன்புத் தங்கை அம்முலுவுக்கு அண்ணன் தாமோதரன் ஆசிகள் பல.

இங்கு நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. மழை வருமா என்று ரேடியோவைக் கேட்பதைவிட அவளைக் கேட்டால் சரியாகத் தெரிகிறது. காரணைப்பாக்கத்தில் மாப்பிள்ளை ராஜாராம், உன் மாமியார், குழந்தை சுகுணா எல்லோருக்கும் உடம்பு எப்படி என்று எழுது.

வேதகிரி மாமா விதைக்கடலை வாங்க உத்திரமேரூர் வருகிறார். அவரிடம் மாத்திரை கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போல மேலே ‘ரத்தச் சோகை மாத்திரை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் மாமியார் கேட்டால் அதையே சொல். கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லிவருவதுதானே.

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. மாத்திரை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது? நாளைக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். நிறையச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்துவிட்டாயா? அது என்ன அதிரசமா? கார்டு இல்லாத ஆளுக்கு ஒரு மாத்திரைகூடத் தரக் கூடாது என்பது எங்கள் தொழுநோய் ஆபீஸ் விதி. ரெக்கார்டு கிளார்க் நானே அதை மீற முடியாது. தங்கைக்கும் முறைப்படி கார்டு போட்டுத்தான் மாத்திரை தருகிறேன். உன் கல்யாணத்துக்கு முன் பாக்கியமேரி சிஸ்டர் உன்னைச் சோதித்து, தேமல் இருந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் குறித்தாரே, அதே கார்டுதான். பிறகு உன் புருஷன் பெயர், புது ஊர் எல்லாவற்றையும் நானே அதில் சேர்த்து எழுதினேன். முகவரி மாறினால் எழுதியாக வேண்டும்.

நீ பயப்படாதே. அலமாரிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

குழந்தைக்கு என் முத்தம்.

உன் அண்ணன்
தாமோதரன்

*

காரணைப்பாக்கம்
4-10-1978

அன்புள்ள அண்ணனுக்கு அம்முலு எழுதுவது.

எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடுபண்ணித் தடவு. தடவுகிறேன் என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

மாத்திரை டப்பாவை சுகுணா கிணற்றில் போட்டுவிட்டாள். அதுதான் காரணம். நீ கணக்குக் கேட்கிறதைப் பார்த்தால் அத்தனையையும் உன் வீட்டு அடுப்பில் வறுத்து எடுத்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கூடவே கொடுத்தனுப்பு.

சுகுணா நன்றாகப் பேசுகிறாள். பகலெல்லாம் என் முந்தானை, பொழுது சாய்ந்தால் நைனா. அவர் நெஞ்சின்மேல் படுத்தால்தான் தூக்கம். அவரும் அசையாமல் படுத்திருப்பார். நல்ல மனிதர் அண்ணா. ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு முதுகில் என்னுடையதைப் போலவே இருக்கிறது. ஒன்றல்ல, நிறைய. கல்யாணத்துக்கு முன்பே இருந்ததாம். சேராங்கொட்டைப் பாலைத் தடவிச் சுட்டு மறைத்திருக்கிறார்கள். கார்டு எழுதிக்கொள்ள வெட்கம், பயம். நான் சொல்லிச் சொல்லி இப்போதுதான் கொஞ்சம் இறங்கியிருக்கிறார். தீபாவளி கழித்து வருகிறேன் என்கிறார். பெயரைக் கொடுத்தால் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வீர்களா? உன் வாயால் உறுதி சொன்னால் அவரிடம் காட்டுவேன்.

அம்மாவுக்கு நமஸ்காரம்.

அம்முலு

*

ராஜகுளம்
14-10-1978

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஆசி.

சுகம், சுகத்துக்கு எழுது. வேப்பெண்ணெய் தடவினேன். அம்மாவே சாட்சி.

உன் தெரிந்தவரைத் தைரியமாக வரச் சொல். எங்கள் ஆபீஸில் பெயர் எழுதினால் இரும்புப் பெட்டியில் போட்டு மூடின மாதிரி. ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் கண்ணில் காட்ட மாட்டோம். இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டு.

இந்த வருஷம் ஆயுத பூஜை பிரமாதம். புது ஆபீசருக்குச் சுத்தம் என்றால் உயிர். ஒட்டடை அடித்து, தரை கழுவி, மேஜை நாற்காலிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். பழைய கார்டுகள் ஓரம் கிழிந்திருந்ததால், எல்லாவற்றையும் புதுத் தாளில் பெயர்த்து எழுதி முடித்திருந்தேன். விரல் வீங்கிவிட்டது. பழசு மூட்டை மூட்டையாக நடு ஹாலில் கிடந்தது. அதை எரித்துவிட வேண்டும் என்பது விதி. கொல்லையில் குவித்து நெருப்புப்பெட்டியை எடுத்தேன். ஆபீசர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், சரசுவதி பூஜை அன்னிக்கு எய்துன காயிதத்தக் கொளுத்துவியா? உனக்கு ஆவுமா, எனக்கு ஆவுமா? எடைக்குப் போடுய்யா!”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சிறு வயதில் புத்தகம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்வோமே. பழைய பேப்பர்காரர் வண்டியோடு வந்து எடுத்துப் போனார். அந்தக் காசில் பொரி, கடலை, சாமந்தி மாலை. பொரி உனக்கும் ஒரு பை எடுத்துவைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு மாப்பிள்ளையையும் குழந்தையையும் அழைத்து வா.

தாமோதரன்

*

காரணைப்பாக்கம்
6-11-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். அம்மா எப்படி?

தீபாவளிக்கு வராததற்கு மழை காரணம் இல்லை. உத்திரமேரூர் பஜாரில் சாமான் வாங்கின வீடுகளுக்கெல்லாம் பொட்டலம் ஒரே மாதிரி மஞ்சள் தாளில் வந்தது. ஒரு பக்கம் பெயர், ஊர், புருஷன் பெயர் அல்லது தகப்பன் பெயர். மறுபக்கம் முன்னும் பின்னுமாக ஆள் பொம்மைப் படம். படத்தில் அங்கங்கே சிவப்புப் பென்சில். முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ரேஷன் கடையில் எடை போடுகிற சடையப்பன்தான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கத்தினான்.

“டேய், இன்னான்னு நெனச்ச? பெருவியாதிக்காரங்க பேரு அத்தினியும் இதுல கீதுடா!”

அன்றிலிருந்து ஊரில் இதுதான் விளையாட்டு. வெந்தயம் வாங்கப் போனால் மஞ்சத் தாளில் மடித்துக் கொடு என்று கேட்டு வாங்குகிறார்கள். கூரத்தில் ஒரு வாத்தியாருக்கு இருக்கிறதாம். திருப்புட்குழியில் நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுவிட்டது. பெண் நல்ல பெண்ணாம், தாள் அவள் தகப்பனுடையதாம். என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துச் சுருக்கம் நீவி, சடையப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். என் தாளையும் எடைக்குப் போட்டுவிட்டாயா?

உன் கடிதத்தை அந்தத் தெரிந்தவரிடம் காட்டினேன். இரும்புப் பெட்டி என்று நீ எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி அவர் வரமாட்டார்.

அம்முலு

*

ராஜகுளம்
13-11-1978

அம்முலுவுக்கு,

கடிதம் கண்டேன். அம்மா சுகம். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

மறுநாளே லீவு போட்டுவிட்டு சைக்கிளில் உத்திரமேரூர் வந்தேன். உன் ஊர்ப் பக்கம் வரவில்லை, யாராவது பார்த்து ஏன் என்று கேட்பார்கள். மளிகைக் கடைக்காரரிடம் மிச்சத் தாள் மொத்தத்தையும் கொடுக்கச் சொன்னேன். “இந்தப் பேப்பர்ல இன்னா சார் அவ்ளோ விசேசம்? வர்றவன் போறவன்லாம் இதையே கேக்கறான்!” என்று சிரித்தார். இரண்டு மூட்டை மிஞ்சியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். அம்மா ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தாள். உன்னுடையது அதில் இல்லை.

இல்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எலி கடித்திருக்கலாம். வண்டியில் விழுந்திருக்கலாம். நல்லதையே நினைப்போம்.

ஆபீசரிடம் சொன்னேன். “புகார் ஏதாச்சும் எய்துமூலமா வந்துதா? வரலியா? அப்ப ஒண்ணும் நடக்கல. போய் வேலையப் பாரு” என்றார். யார் எழுதிப் புகார் கொடுப்பார்கள் அம்முலு? கொடுத்தால் கீழே பெயர் போட வேண்டுமே.

உடனே பதில் போடு. நான் வந்து அழைத்துக்கொண்டு போகட்டுமா?

தாமோதரன்

*

ராஜகுளம்
18-12-1978

அம்முலுவுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. அதற்கப்புறம் போட்ட தபால் கார்டுக்கும் இல்லை. வேதகிரி மாமா மாத்திரை கொண்டுவந்தபோது உன்னைப் பார்க்கவில்லையாம். மாப்பிள்ளை தெருமுனையிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாராம். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சௌக்கியம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

தாமோதரன்

*

காரணைப்பாக்கம்
8-1-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பேனா வீட்டுக்குள் இருந்தது, நான் வெளியே இருக்கிறேன். சுகுணா எடுத்துவந்து கொடுத்தாள்.

என் தாள் கார்த்திகை பிறந்த அன்று வந்தது. மிளகுப் பொட்டலம். கோயிலில் பொங்கல் வாங்க ஊரே கூடியிருந்தது, சடையப்பன் அங்கே வைத்துப் படித்தான். என் பெயர், புருஷன் பெயர், ஊர் பெயர். உன் கையெழுத்து அழகு அண்ணா, தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்தான். பிறகு படத்தைத் திருப்பிக் காட்டினான். இடது தொடையில் சிவப்பு. பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்த்தார்கள். நம் அம்மாகூடப் பார்த்திராத இடம் அது.

மாமியார், “ரத்த மாத்திரன்னு சொல்லிக்கினு இத்தினி வருசம் எங்க தலையில மொளகா அரைச்சிக்கினு இருந்தியாடி?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் ஓலை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குளிர் தெரியவில்லை. சோற்றை வைத்துவிட்டு மாமியார் தூரத்தில் போய் நின்று குரல் கொடுக்கிறாள். தபால்காரர் உன் கடிதங்களை மதில்மேல் வைத்து, பறக்காமல் ஒரு கல் வைத்துவிட்டுப் போகிறார். அழுகை வரும் என்று முதல் இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். சாணி அள்ளுகிறேன். எல்லாம் வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி இருக்கிறது.

அவர் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

சுகுணா வாசப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, “உன்னத் தொட்டா எனக்கும் வருமாம்மா? ஆயா சொல்லுது” என்றாள். வராது என்றேன். இப்போது பகலிலும் அவள் நைனாவோடுதான் இருக்கிறாள்.

எனக்கு ஒன்று தெளிவாகச் சொல். இது யாரிடமிருந்து பரவும்? ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவரிடமிருந்தா, சாப்பிடாதவரிடமிருந்தா? பதிலை உடனே எழுது. மாத்திரை இரண்டு பங்காக அனுப்பு.

அம்முலு

*

ராஜகுளம்
20-1-1979

அன்புத் தங்கை அம்முலுவுக்கு,

பொங்கல் அன்று இங்கு பானை வைக்கவில்லை. அம்மாவிடம் உன் கடிதத்தைப் பாதிதான் படித்துக் காட்டினேன். மீதியை அவளே தெரிந்துகொண்டாள்.

நீ கேட்டதற்கு ஆபீஸில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். உனக்கு இருப்பது ஒரே தேமல், மாத்திரையும் சாப்பிடுகிறாய். உன்னிடமிருந்து யாருக்கும் வராது. உன் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு தூங்கலாம். உடம்பில் நிறைய இடத்தில் இருந்து, மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிடாதவரிடமிருந்துதான் பரவும். வருஷக்கணக்கில் கூடவே படுத்துத் தூங்கும் சிறு குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லாததால் கவலைப்படாதே. குழந்தையை மாப்பிள்ளை பக்கத்திலேயே வைத்துக்கொள்வது எவ்வளவோ நிம்மதி.

அந்தத் தாளில் ஊரும் புருஷன் பெயரும் எழுதாமல் விட்டிருந்தால் யாரோ ஒரு அம்முலு என்று போயிருக்கும். இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விதிப்படிதான் எழுதினேன்.

மாத்திரை இரண்டு பங்கு முடியாது. ஸ்டாக் சோதனை நடக்கிறது. உன் தெரிந்தவருக்கு வேண்டுமானால் அவரே வந்து கார்டு எழுதிக்கொள்ளட்டும். உங்கள் ஊரார் கையெழுத்துப் போட்டு ஒரு மனு அனுப்பியிருக்கிறார்கள், ஊரில் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று. பாக்கியமேரி சிஸ்டரும் இன்ஸ்பெக்டரும் பிப்ரவரியில் வருவார்கள். சிஸ்டரைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, இந்தத் தாள் விஷயத்தில் அவருக்கு ஏற்கனவே மனசு சரியில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தாமோதரன்

*

காரணைப்பாக்கம்
12-2-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவைச் சாப்பிடச் சொல். நான் சாப்பிடுகிறேன்.

நேற்று பள்ளிக்கூடத்தில் சோதனை நடந்தது. கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தொட்டார்கள், தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். பெண்களைச் சிஸ்டர் உள்ளே திரை கட்டிப் பார்த்தார். என் முறை வந்தபோது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். சுகுணாவை அனுப்ப மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டாள். பெயர் எழுதுவார்களே என்று பயம். பாதி ஊர் தங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே அனுப்பவில்லை.

ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று முதல் நாளே தண்டோரா போட்டிருந்தார்கள். உன் மாப்பிள்ளை அன்று காலையிலேயே விதைநெல் பார்க்க வெளியூர் போய்விட்டார்.

அந்தத் தெரிந்தவர் இன்று கொட்டகையின் பின்பக்கம் வந்தார். தினமும் வருகிறார், மாத்திரைக்கு. நீ இரண்டு பங்கு அனுப்பாததால் ஒன்றை உடைத்துப் பாதி கொடுக்கிறேன். பாதி பிரயோஜனமில்லை, நீங்கள் போய்க் கார்டு எழுதிக்கொண்டு முழுசாகச் சாப்பிடுங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் குழந்தைக்காக என்று கெஞ்சினேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“உம் பேரு மொளவு பொட்டலத்துல வந்துச்சு. எம் பேரு எதுல வரணும்? மல்லியிலயா, மஞ்சளுலயா?”

அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

அம்முலு

*

ராஜகுளம்
24-2-1979

அன்புத் தங்கைக்கு,

அம்மா சாப்பிடுகிறாள். நானும் சுகமே.

உன் கேள்விக்கு என்ன எழுதுவது என்று பல நாள் யோசித்தேன். ஆபீஸில் புதுப் பூட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆபீசருக்கு மாற்றல் வந்துவிட்டது, வழியனுப்பு விழாவில் அவருக்குச் சால்வை போட்டார்கள். நான்தான் சால்வையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தெரிந்தவர் உன் மாமியார்தானே? உன்னைக் கொட்டகையில் வைத்துவிட்டு உன்னிடமே மாத்திரைக்கு வருகிறாளா என்று எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நீ அங்கே இருந்தது போதும். கிளம்பி வா. குழந்தையை இப்போதைக்கு அங்கேயே விட்டுவிடு. நோய்க்காரியோடு அனுப்பினார்கள் என்ற பேச்சு அவளுக்கு வேண்டாம், நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது. அப்பன் நல்லவர், பார்த்துக்கொள்வார்.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது. நான் வந்து நிற்கிறேன்.

தாமோதரன்

*

காரணைப்பாக்கம்
7-3-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். சுகுணாவும் வருகிறாள். அவளுக்குப் பாய் தனியாக வேண்டாம்.

நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எதிரே ஊர் கூடியது. நான் தூரத்தில் நின்றேன். போகிறேன், பெண்ணை என்னோடு அனுப்புங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். பெரியவர் வீராசாமி நல்லவிதமாகத்தான் பேசினார்.

“நீ போம்மா, உன்ன யாரும் தப்பா சொல்லல. கொயந்தைய இன்னாத்துக்குக் கேக்கற? நல்லா கீற வூட்ல, நல்லா கீற அப்பங்கிட்ட கீது. நோயாளி கையில குடுக்கறதுக்கு யாருக்கு மனசு வரும், நீயே சொல்லு?”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சுகுணா அவர் மடியில் இருந்தாள்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அவரும் கொட்டகைக்கு வருவார், சுகுணாவை யாரும் தொடமாட்டார்கள். சொல்லாவிட்டால் இன்று இரவும் அவர் நெஞ்சில் படுத்துத் தூங்குவாள். அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் பேசினேன்.

“வெயிலா கீது. சட்டைய கயட்டிட்டு ஒக்காந்து பேசுங்க.”

புருஷனை ஊர்முன்னால் இப்படிச் சொல்கிறாளே என்று பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து வந்து சுகுணாவை என் பக்கத்தில் இறக்கிவிட்டு, “அனுப்பிடலாம்” என்றார். என்ன தாராள மனசு என்று ஊரே அவரைப் புகழ்ந்தது.

நீயும் புகழ வேண்டாம். ஏன் என்று கேட்கவும் வேண்டாம்.

அம்முலு

*

ராஜகுளம்
5-5-1979

சுகுணாவின் நைனா அவர்களுக்கு அம்முலு எழுதுவது.

இங்கே நானும் குழந்தையும் இருக்கிறோம். அங்கே அத்தைக்கு இருமல் விட்டதா?

திருவிழாவுக்குக் குழந்தையை அனுப்பச் சொல்லியும், அது விஷயமாகவும் வேதகிரி மாமாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். ‘அது’ என்றால் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சுகுணாவின் தோளுக்குப் பின்னால் ஒரு இடம் வெளுத்திருந்தது. அழுக்குத் தேமல் என்று நினைத்து மஞ்சள் பூசினேன். போகவில்லை. பாக்கியமேரி சிஸ்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். இறகு என்றதும் சுகுணாவுக்குச் சிரிப்பு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தொட்ட இடத்தையெல்லாம் சரியாகக் காட்டினாள். அந்த இடத்தைத் தொட்டபோது மட்டும் சும்மா இருந்தாள். “இன்னும் தொடலியா?” என்று கேட்டாள். சிஸ்டர் மறுபடியும் தொட்டார். அவள் கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டே இருந்தாள்.

ஆரம்பம்தான், மாத்திரை சாப்பிட்டால் சுவடே தெரியாமல் போய்விடும் என்றார் சிஸ்டர். கார்டு எழுத வேண்டும் என்றார். அண்ணன் பேனாவை எடுத்தார். பெயர் என்று ஆரம்பித்ததும் நான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். என் பெண்ணின் பெயரும் முதுகும் எந்த ஆபீஸிலும் இருக்கக் கூடாது. கார்டு இல்லாமல் மாத்திரை கிடையாது என்று இந்த முறை அண்ணன் சொல்லவில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்து வெளியே போனார். ஆனாலும் கார்டு இல்லாமல் கிடையாதுதான்.

உங்களுக்கும் எனக்கும் நடந்ததையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சிஸ்டர் வியாழக்கிழமைகளில் உத்திரமேரூர்ச் சாலை புளியமரத்தடியில் உட்காருகிறார். போய்ப் பெயரைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது உங்கள் இஷ்டம். நான் குறை சொல்ல மாட்டேன், என்னாலேயே கொடுக்க முடியவில்லை.

குழந்தைக்குப் பாதி மாத்திரை போதும் என்று சிஸ்டர் சொன்னார். எனக்குப் பாதி போதுமா என்று நான் கேட்கவில்லை. என் மாத்திரையை உடைத்து உங்களுக்குக் கொடுத்த பாதியை இப்போது அவளுக்குக் கொடுக்கிறேன். இனி கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அம்முலு